இரண்டு அறையில் ஒரே தப்பு

பௌதிகத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான் நாலு வார்த்தை எழுதித் தர வேண்டுமாம். துறைத் தலைவர் வீடு தேடி வந்து கேட்டார். அவர் எதிர்பார்த்தது ஆசீர்வாதம் மாதிரி ஏதோ ஒன்று. அது என்னிடம் கிடையாது. முப்பத்துமூன்று வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவனிடம் மிஞ்சியிருப்பது சாக்பீஸ் தூசியும் கொஞ்சம் எரிச்சலும்தான்.

எரிச்சலுக்குக் காரணமும் நீங்களே. போன மாதம் நடந்த கருத்தரங்கில் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், இரண்டு துகள்களுக்கு இடையே உள்ள குவாண்டம் பின்னலைப் பற்றிப் பேசினார். பாதி வரைக்கும் ஒழுங்காகத்தான் போனார். பிறகு குரலை இறக்கி, ‘அதனால்தான் பெற்றவள் நினைத்தால் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குப் புரையேறுகிறது’ என்றார். அரங்கமே கைதட்டியது. எனக்கும் அப்போது புரையேறியது. ஆனால் அது வாயில் இருந்த காபியால்.

ஒரு மர்மம் கையில் கிடைத்தால் கண்ட இடத்தில் அதைத் தெளிப்பது நம் தொழிலின் பழைய வியாதி. எனக்கும் அது இருந்தது. அதனால் இரண்டு பையன்களின் படிப்பு போகப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன். ஆசீர்வாதத்தைத் தலைவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

முப்பதுகளின் பின்பாதி. யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. புதுக்கோட்டையில் இண்டர்மீடியட் வரை மட்டுமே இருந்த ஒரு கல்லூரியில் நான் பௌதிக லெக்சரர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் புரொபசர். ஆகவே அவர் தும்மினால்கூட நான் கவலைப்படுவேன்.

பின்னல் விவகாரம் அப்போதுதான் உலகத்தில் கிளம்பியிருந்தது. அமெரிக்காவிலிருந்து மூன்று பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையையும், டென்மார்க்கிலிருந்து வந்த பதிலையும், மதராஸில் இருந்த என் சிநேகிதன் கையாலேயே காப்பி எடுத்து அனுப்பியிருந்தான். விஷயம் இதுதான். இரண்டு துகள்கள் ஒரு தடவை சேர்ந்திருந்து பிரிந்து போகின்றன. ஒன்றின் இடத்தை இங்கே அளந்தால் தூரத்தில் இருக்கும் மற்றதின் இடம் தெரிந்துவிடும். உந்தத்தை அளந்தால் மற்றதின் உந்தம் தெரிந்துவிடும். மற்றதை யாரும் தொடவே இல்லை. தொடாமலே தெரிகிறதென்றால் இரண்டுமே அதனிடம் முதலிலிருந்து இருந்திருக்க வேண்டும், அதைச் சொல்லாத சித்தாந்தம் அரைகுறை என்றது அமெரிக்காக் கட்சி. எந்தக் கருவியை வைத்து எதை அளக்கிறாய் என்பதை விட்டுவிட்டு, துகளிடம் என்ன இருந்தது என்று கேட்பதே தப்பு என்றது டென்மார்க் கட்சி. ஒரு துகள் மற்றதற்குக் கண நேரத்தில் சேதி அனுப்புகிறது என்று மூன்றாவதாக ஒரு விளக்கமும் சொல்லலாம். அதை இரண்டு கட்சியுமே வாசலுக்குள் விடவில்லை.

டிசம்பரில் எங்கள் பௌதிகச் சங்கக் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு வைத்தோம். இண்டர்மீடியட் பையன்களுக்கு இது எதற்கு என்று கேட்கிறீர்களா? பையன்களுக்காக யார் வைத்தார்கள்! புரொபசர் அமெரிக்காக் கட்சி. நான் டென்மார்க்.

“ஒரு ஜோடிச் செருப்பு. ஒன்றைப் பொன்னமராவதிக்குப் பார்சல் பண்ணு. மற்றதை வல்லத்திராக்கோட்டைக்குப் பண்ணு. பொன்னமராவதிக்காரன் பிரித்துப் பார்த்து இடது கால் என்கிறான். வல்லத்திராக்கோட்டையில் இருப்பது வலது கால். சேதியும் இல்லை, மாயமும் இல்லை. முதலிலேயே அப்படித்தான் இருந்தது” என்றார் புரொபசர்.

நான் எழுந்தேன். செருப்புக்கு மேலே யோசிக்க முடியாதவர்களுக்கு இந்த நூற்றாண்டின் பௌதிகம் கஷ்டம்தான் என்கிற பொருளில், மரியாதையான ஆங்கிலத்தில், முக்கால் மணி நேரம் பேசினேன். நான் பேசியதில் எனக்கே பாதி புரியவில்லை. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது தரையில் கால் பாவவில்லை.

அந்த மிதப்பில் தை மாதம் வந்தது. பொங்கல் லீவு முடிந்து கல்லூரி திறந்த அன்று வகுப்பில் இரண்டே பேர். மற்றவர்கள் எல்லாம் பொன்னமராவதிப் பக்கம் மஞ்சுவிரட்டுக்குப் போய்விட்டார்கள். இது வருஷா வருஷம் நடப்பதுதான். புத்தியுள்ள லெக்சரர் அன்று வகுப்பைக் கலைத்துவிட்டுப் போய்விடுவார். நான்தான் கடமை வீரனாயிற்றே, பாடம் நடத்தினேன்.

வந்திருந்த இருவரில் ஒருவன் சொக்கலிங்கம். திருமயத்துக்குப் பக்கத்து வியாபாரக் குடும்பம், அப்பா ரங்கூனில். மாடு என்றால் அவனுக்குப் பயம், அதனால் வகுப்புக்கு வந்துவிட்டான். இன்னொருவன் வீரையா. குன்றாண்டார்கோவில் பக்கத்து விவசாயி மகன். அவனுக்கு மாடு என்றால் உயிர். அதனாலேயே மாட்டுப் பொங்கலன்று ஒரு காளை தள்ளி வலது கையில் கட்டோடு வந்திருந்தான். எழுத முடியாது.

“நீ சும்மா இருப்பா. நான் கார்பன் வச்சு எழுதுறேன். ஒனக்கும் சேத்து விழுந்துரும்” என்றான் சொக்கலிங்கம். அவன் வீட்டுக் கடைக் கடிதங்களுக்கு வாங்கிய கார்பன் தாள் ஒரு கட்டு அவனிடம் எப்போதும் இருக்கும்.

பாடம், காற்றில் ஒலியின் வேகம். அந்தக் காலத்தில் லெக்சரர் என்றால் நோட்ஸ் சொல்பவர் என்று பொருள். சேரும்போதே மூத்தவர் தன் பழைய நோட்டைக் கொடுப்பார். இளையவர் அதைப் பார்த்து வாசிப்பார், பையன்கள் எழுதுவார்கள், அப்படியே மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில் கக்குவார்கள். எனக்குப் புரொபசர் கொடுத்தது கறுப்பு அட்டை போட்ட தடித்த நோட்டு. அதைப் பார்த்து வாசித்தேன். மறுநாள் மற்றவர்கள் வந்தபோது, அந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து செலக்‌ஷன் பரீட்சை. அதில் தேறினால்தான் பொதுப் பரீட்சைக்குப் பெயர் போகும். இடம் போதாமல் பையன்களை இரண்டாகப் பிரித்து உட்காரவைத்தோம். சொக்கலிங்கம் பெரிய ஹாலில். வீரையா லேபரட்டரியில். நடுவில் ஒரு முற்றமும் கிணறும்.

விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். ஒலியின் வேகத்துக்கு ஒரு கேள்வி. சரியான விடை விநாடிக்கு 332 மீட்டர். எழுதிய எல்லாரும் அதையோ அதற்குப் பக்கத்தில் எதையோ எழுதியிருந்தார்கள். இரண்டு தாளில் மட்டும் 299. இரண்டிலும் காற்றுக்கு உரிய 1.41 என்ற எண் 1.14 என்று இருந்தது. இரண்டிலும் கடைசி வரி, ‘இந்த விடை சோதனையோடு மிக அழகாகப் பொருந்துவதைக் காண்க’. எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரு தாள் ஹாலிலிருந்து, ஒரு தாள் லேபரட்டரியிலிருந்து.

எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு அறை, ஒரே தப்பு! திருடனைப் பிடித்துவிட்ட போலீஸ்காரன் மாதிரி தாள்களைத் தூக்கிக்கொண்டு புரொபசரிடம் ஓடினேன்.

விசாரணைக்குப் பிரின்ஸிபால், புரொபசர், ரசாயன லெக்சரர் ஒருவர், நான். நாலு பேரும் படித்தவர்கள். அதனால் விளக்கங்களுக்குக் குறைவில்லை. கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியே போயிருக்கிறது என்றார் ரசாயனம். போயிருந்தால் சரியான விடையை அல்லவா எழுதியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. தண்ணீர் கொண்டுபோன ஆள் மூலமாகச் சீட்டு கைமாறியிருக்கிறது என்றார் புரொபசர். தண்ணீர் கொண்டுபோனது யார் என்று விசாரித்ததில், அன்று யாருமே கொண்டுபோகவில்லை என்று தெரிந்தது. உடனே, அப்படியானால் இருமல் சங்கேதம் என்றார். முற்றத்தைத் தாண்டி, எழுத்துக்கு எழுத்து, இருமல்! துகள்கள் சேதி அனுப்பாது என்று டிசம்பரில் மேஜையைத் தட்டிய அதே மனிதர். நான் மெல்ல அதை நினைவுபடுத்தினேன்.

“துகளுக்கு யோக்கியதை உண்டு. பையன்களுக்குக் கிடையாது” என்றார்.

எல்லாரும் சிரித்தோம். பையன்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

முதலில் வீரையாவைக் கூப்பிட்டார்கள். கைக்கட்டைப் பரீட்சைக்கு முன்பே அவிழ்த்தாகிவிட்டது, வீக்கம் இன்னும் இருந்தது.

“நான் யாரையும் பாத்து எழுதலீங்க. பொங்கல் கழிச்சு மொத நாளு நாங்க ரெண்டு பேருதான் வகுப்புக்கு வந்தோம். சார் என்ன சொன்னாகளோ அதத்தான் படிச்சேன், அதத்தான் எழுதுனேன்” என்றான்.

புரொபசர் என் பக்கம் திரும்பினார். “நீர் 299 என்று சொன்னீரா?”

சொன்னேனா? நினைவில்லை. நினைவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். டென்மார்க் கட்சிக்காரன், பூமியில் எதுவுமே நிச்சயமில்லை என்று முக்கால் மணி நேரம் முழங்கியவன், துளிச் சந்தேகமில்லாமல், “அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை” என்றேன்.

வீரையா என்னைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கார்பன் பிரதியை எடுத்து நீட்டினான். “இதுல இருக்குதுங்க.”

புரொபசர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மலர்ந்தது. “இது உன் கையெழுத்தே இல்லையே! அவன் கையெழுத்து! காப்பி அடித்ததற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?”

“கையில கட்டுங்க. அவன்தான் எனக்கும் சேத்து...”

“போதும்.”

சொக்கலிங்கமும் வந்தான், அதையே சொன்னான். இருவரும் ஒரே மாதிரி சொன்னது இன்னொரு குற்றமாயிற்று. முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று ரசாயனம் தலையாட்டினார். இரண்டு பேர் பெயரையும் அடித்து, டி.சி. கொடுத்து அனுப்புவது என்று முடிவாயிற்று. பிற்பகலில் நாங்கள் காபி சாப்பிடப் போனோம்.

காபி இறங்கவில்லை. லேபரட்டரிக்குப் போய் என் டிராயரைத் திறந்து கறுப்பு நோட்டை எடுத்தேன். ஒலியின் வேகம். புரொபசரின் அழகான, சாய்ந்த கையெழுத்து. 1.14. கீழே 299. அதற்கும் கீழே, ‘இந்த விடை சோதனையோடு மிக அழகாகப் பொருந்துவதைக் காண்க’.

எண்ணில் கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறியிருந்தது. கணக்கு அதன்படி ஒழுங்காகப் போட்டிருந்தது. சோதனையோடு ஒப்பிடும் வரியை யாரோ எப்போதோ எதையும் ஒப்பிடாமல் எழுதியிருந்தார்கள். நான் அதை வாய்விட்டு வாசித்திருக்கிறேன். உலகம் எதனால் ஆனது என்று சண்டை போட்டவனுக்கு 299-க்கும் 332-க்கும் வித்தியாசம் காதில் விழவில்லை. இருமலும் இல்லை, சேதியும் இல்லை. ஒரு ஜோடிச் செருப்பு! தைத்தவர் புரொபசர். பார்சல் பண்ணியவன் நான்.

கதவருகே நிழல் தட்டியது. சொக்கலிங்கம் நின்றுகொண்டிருந்தான். “சார், அப்பச்சி ரங்கூன்ல இருக்காக. இது தெரிஞ்சா ஆத்தா உசுர விட்டுருவாக. நீங்க ஒரு வார்த்த சொன்னா...” நான் நோட்டைப் பட்டென்று மூடினேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான்.

நாளைக்கு! எதற்கு நாளை? எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷமே முற்றத்தைக் கடந்து பிரின்ஸிபால் அறைக்குப் போயிருக்கலாம். நாற்பதடி தூரம். ஆனால் நோட்டு புரொபசருடையது, என் வேலை அவர் பேனா முனையில் இருந்தது. யோசிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் தொழிலில் பயத்துக்கு வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது. நீங்களும் அதை உபயோகிப்பீர்கள், அப்போது இந்தக் கிழவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில்தான் நோட்டோடு புரொபசர் முன்னால் போய் நின்றேன். அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

“எந்தக் காலத்து நோட்டு இது?”

“நீங்கள் எனக்குக் கொடுத்தது.”

“கொடுத்ததைச் சரிபார்க்காமல் வாசிக்க நீர் என்ன கிராமபோனா?”

அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது நியாயம். பிறகு நோட்டைத் தன் மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். “பிரின்ஸிபாலிடம் போய், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லும். சொன்னது நீர்தானே? நோட்டுப் பேச்சு வேண்டாம்” என்றார். நானும் அப்படியே சொன்னேன். எனக்கு வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. பாதி உண்மைக்கு அது மலிவான தண்டனை.

பையன்கள்மேல் போட்ட உத்தரவு ரத்தாயிற்று. சொக்கலிங்கத்துக்காக அதற்குள் பெரிய மனிதர் ஒருவரோடு அவன் மாமா வந்து பிரின்ஸிபால் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவன் கேஸ் எப்படியும் மறுபரிசீலனைக்குப் போயிருக்கும். வீரையாவுக்கு அப்படி உட்கார யாரும் இல்லை. ஆஸ்டலுக்கு ஓடினேன். முந்தின நாள் சாயந்தரமே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். பொதுப் பரீட்சைக்குப் பெயர் அனுப்ப அன்றும் மறுநாளும்தான் மிச்சம். அவன் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பப் பாரம் போகாது.

கீரனூர் வரை பஸ், அங்கிருந்து நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. குன்றாண்டார்கோவில் தாண்டி அவன் ஊரைச் சேர்ந்தபோது களத்தில் கதிரடிப்பு நடந்துகொண்டிருந்தது. வீரையா வீங்கிய கையோடு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். அவன் அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்தார்.

“வாங்க ஐயா. இம்புட்டுத் தூரம் நடந்தா வந்தீங்க? இங்கிட்டு நெழலுக்கு வாங்க. தண்ணி குடிங்க.” சொம்பைக் கொடுத்துவிட்டு நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். “பய திருட்டுத்தனம் பண்ணிட்டான்னு சொன்னான். அடிச்சுப்புட்டேன். படிச்சவுக நாலு பேரு சேந்து சொன்னா பொய்யாவா இருக்கும்?”

அவன் திருடவில்லை, தப்பு என்னுடையது, நான்தான் வகுப்பில் தவறாகச் சொன்னேன் என்றேன். அவர் என்னை வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வையவில்லை. மகன் பக்கம் திரும்பி, “சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்புடா” என்று மட்டும் சொன்னார்.

வீரையா கிளம்பவில்லை. கையில் வைக்கோலோடு நின்றான்.

“சார், நீங்க தப்பாச் சொன்னது ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சிச்சு?”

“இன்றைக்குக் காலையில்தான்” என்றேன்.

அவன் கையில் இருந்த வைக்கோலைக் கீழே போட்டான். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுச் சட்டையை எடுக்கப் போனான். கீரனூர் வரை நடந்து, பஸ் பிடித்துத் திரும்பினோம். விண்ணப்பப் பாரம் நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரும் பரீட்சை எழுதினார்கள், தேறினார்கள். பிறகு எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைத் தேடி வந்து சொல்ல அவர்களுக்கு என்ன முடை?

அந்தப் பெரிய விவாதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அறுபதுகளில் ஒருவர் கணக்குப் போட்டு, அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி காட்டினார். பிறகு சோதனை செய்தார்கள். துகள்கள் விஷயத்தில் சாதாரணச் செருப்பு விளக்கம் செல்லாது என்று ஆயிற்று. அவற்றைக் கொண்டு சேதி அனுப்பவும் முடியாது. அப்படியானால் என்னதான் நடக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கொரு கட்சி. அதாவது டிசம்பரில் புரொபசரை நான் கேலி செய்தது சரியாகப் போய்விட்டது! அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. செருப்பு விளக்கத்தைத் தள்ள உலகம் எத்தனை வருஷம், எத்தனை ஜாக்கிரதையாகச் சோதித்தது! நாங்கள் நாலு பேர் அதை ஒரு காபி நேரத்தில் தள்ளினோம். அதுவும் செருப்பு, கார்பன் பிரதியாக, மேஜைமேலேயே கிடந்தபோது. புரையேறும் பிள்ளைகளைப் பற்றிப் பேச அடுத்த தடவை எழுந்திருக்குமுன், அந்தப் பிள்ளை என்ன குடித்துக்கொண்டிருந்தான் என்று கேளுங்கள்.

ஒன்று பாக்கி. பொதுப் பரீட்சைக்கு முன்னால் மூன்று வாரம் வகுப்பு இருந்தது. எல்லாரும் தலையைக் குனிந்து நான் சொல்வதை எழுதிக்கொண்டிருப்பார்கள். வீரையா மட்டும் முதல் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து, எழுதாமல், பாடப்புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்டுவான். பக்கத்தில் சொக்கலிங்கம். அந்தப் பிற்பகலில் அவன் கதவருகே நின்று கறுப்பு நோட்டைப் பார்த்ததை நான் மறந்திருந்தேன். அவன் மறந்திருக்கவில்லை. ஊருக்குக் கிளம்புமுன்பே வீரையாவிடம் சொல்லியிருக்கிறான். களத்தில் என்னைக் கேள்வி கேட்டபோதே வீரையாவுக்குப் பதில் தெரியும்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. “கைதான் சரியாகிவிட்டதே, ஏன் எழுதவில்லை?” என்று கேட்டேன்.

வீரையா மரியாதையாக எழுந்து நின்றான். விரல் புத்தகத்திலிருந்து நகரவில்லை.

“நீங்க சொல்லுங்க சார். நான் சரிபாத்துக்கிட்டே வாரேன்.”